எல்லையூர்த் தமிழரும் ஆங்கில எம்.ஏ. படிப்பும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா எதுவாயினும், முதலில் சிறுவர் சிறுமியர் மேடையேறித் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது வழக்கம். அவையோர் எழுந்து நிற்பர். பாடல் முடிந்ததும் அமர்வர். 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட அப்பாடல், 'மனோன்மணீயம்' என்னும் நாடக நூலின் வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நம்மிற் பலர் அறிவர். அந்நாடகம் 1891-இல் வெளிவந்தது. அதனை இயற்றியவர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலத்தின் வாயிலாகத் தத்துவம் கற்பித்த பேராசிரியர். அதன் கதைக்கரு லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் செய்யுளாக எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையிலிருந்து வந்தது. இச்செய்தி எத்துணைப் பேர் நினைவில் நிற்கிறது? தமிழன்னையைப் போற்றி நாம் எழுந்து நிற்கும் பாட்டு, ஆங்கில நூல் ஒன்றை ஆழ்ந்து படித்ததன் பயனாய் விளைந்த நூலில் இருக்கிறது.

இதனை ஈண்டு முதற்கண் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் பிள்ளைகள் பட்டப் படிப்பை முடிக்குங்கால், "ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. சேரலாமா?" என்ற கேள்வி சில வீடுகளில் எழுகிறது. தந்தையார், "அதனால் என்ன வேலை கிடைக்கும்?" என்பார். பாட்டனார், "உள்ள தமிழும் போய்விடும்" என்பார். முன்னதற்கு விடை கூறுவது நம் வேலையன்று. பின்னதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையூர்களில் வேர்கொண்ட குடும்பங்கள் அவ்விடையைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. தம் ஊர் வழியே சென்ற நெடுஞ்சாலையிலேயே அது கிடக்கிறது.

செங்கல் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் சூளையில் சுட்ட செங்கல்லே தமிழர்க்கு நினைவு வரும். மலையாளத்தில் அச்சொல் அப்பகுதியில் வெட்டியெடுக்கும் செம்பாறைக் கல்லைக் குறிப்பதாகும். ஒரே சொல், எல்லைக்கு இப்பால் ஒரு கல், அப்பால் வேறொரு கல்! நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையை ஒட்டியது. அமரவிளை, உதியங்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை என அச்சாலை தெற்கே இறங்குகிறது. களியக்காவிளையோடு கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. வடக்கே திருவனந்தபுரம், தெற்கே நாகர்கோவில்: பழைய திருவிதாங்கூர் நாட்டின் ஆங்கிலக் கல்விக்கு இவ்விரண்டும் இரு ஊற்றுக்கண்கள். செங்கல் அவற்றின் இடையே கிடக்கிறது.

இவ்விரு ஊற்றுக்களில் முந்தியது தெற்கில் இருந்ததே. 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்னும் பாதிரியார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர்க்குப் பின் வந்த சார்லஸ் மீட் காலத்தில் அது நாகர்கோவிலுக்கு மாறிச் செமினரியாக வளர்ந்தது. 1893-இல் கல்லூரியாகி, இன்று ஸ்காட் கிறித்தவக் கல்லூரி என வழங்குகிறது. நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஜான் ராபர்ட்ஸ் என்பாரைத் திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாள் 1834-இல் தலைநகர்க்கு வருவித்து ஆங்கிலப் பள்ளி நடத்தச் செய்தார். 1836-இல் அது அரசரின் இலவசப் பள்ளியாயிற்று. 1866-இல் ஜான் ராஸ் தலைமையில் கல்லூரி வகுப்புக்கள் தொடங்கின. சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்த அதுவே மகாராஜா கல்லூரி என வளர்ந்து, பின்னர் யூனிவர்சிட்டி காலேஜ் ஆயிற்று. ஆகவே ஆங்கிலக் கல்வி தலைநகரிலிருந்து தெற்கே இறங்கி வந்ததென்று எண்ணுவது பிழை. அது தமிழ் வழங்கும் நாஞ்சில் நாட்டிலிருந்து வடக்கே ஏறிற்று. மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதியது 1835 பிப்ரவரியில். ராபர்ட்ஸ் திருவனந்தபுரம் சேர்ந்தது அதற்கு முந்திய ஆண்டு என்பதும் குறிக்கத்தக்கது.

ஈண்டு ஒரு வியப்பைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. ஆங்கில இலக்கியம் என்பது ஆங்கிலேயர் தம் நாட்டில் தொன்றுதொட்டுப் பயின்று வந்த பாடம் என்றே நாம் கருதுகிறோம். உண்மை அதுவன்று. அந்நாட்டுப் பழம் பல்கலைக் கழகங்கள் கிரேக்கத்தையும் இலத்தீனையுமே கல்வியாக மதித்தன. இலண்டனில் 1828-இல் ஆங்கிலத்திற்கு ஓர் இருக்கை அமைந்தது. ஆக்ஸ்போர்டில் 1894-இலும், கேம்பிரிட்ஜில் 1917-இலும்தான் அது தனிப் பட்டப் பாடமாயிற்று. இந்தியப் பள்ளி கல்லூரிகளிலோ அதற்கு நெடுநாள் முன்பே ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடம். கௌரி விசுவநாதன் என்னும் அறிஞர் 1989-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருப்பெற்றதே இந்திய ஆட்சியின் தேவையால் என நிறுவினார். வாளால் மட்டும் ஆளவியலாது என்றறிந்த ஆட்சி, தன் ஒழுக்கத்தையும் அறிவையும் கவிதை வழியே புகுத்த முயன்றது என்பது அவர் முடிபு. முயன்றது சரி, ஆனால் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவன் அக்கவிதையைக் கொண்டு என்ன செய்தான் என்பது வேறு கதை. அக்கதைதான் நமக்கு வேண்டுவது.

பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தார். மகாராஜா கல்லூரியில் பயின்று, 1880-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவர் பெற்றது இலக்கிய எம்.ஏ. அன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அக்காலத்து உயர்கல்வியில் எப்பாடமாயினும் ஆங்கில நூற்பயிற்சியே அடிப்படை. திருநெல்வேலியில் சிறிது காலம் பணியாற்றித் திருவனந்தபுரம் திரும்பிய அவர், தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் தம் இருப்பிடத்திற்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். ஆங்கில ஆசிரியரிடம் அத்துணை அன்பு! அவ்வன்பு அவரைத் தமிழினின்றும் பிரித்ததா? லிட்டனின் கதையை எடுத்து அவர் செய்ததைக் காண்மின். அயல்நாட்டு அரசர்கள் இருந்த இடத்தில் பாண்டியனும் சேரனும் வந்தனர். பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை அமைக்கிறான். சேரன் புருடோத்தமன் திருவனந்தபுரத்தில் இருக்கிறான். வஞ்சக அமைச்சன் குடிலனும், மறைவழியாகிய சுரங்கத்தைக் காக்கும் சுந்தர முனிவரும், கனவிலேயே காதல் கொண்ட மனோன்மணியும் கதையை நடத்துகின்றனர். இரு வேந்தர்க்கும் இடையே வழக்கு எதைப் பற்றியது? இடையில் கிடக்கும் நாஞ்சில் நாட்டைப் பற்றியது!

நாடகத்தைப் படித்தவர் பலரும் வாழ்த்துப் பாடலையும், இயற்கை பற்றிய பகுதிகளையும், வாணியின் காதலையும் புகழ்வர். நம்மை ஈர்ப்பது இந்த நில வழக்குத்தான். தமிழ் வழங்கும் ஒரு சிறு நாடு இருபுறத்து அரசர்களால் இழுக்கப்படும் நிலையை, அந்நாட்டின் அருகிலேயே வாழ்ந்த ஆசிரியர் 1891-இல் அரங்கிற்குக் கொண்டுவந்தார். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1956-இல், அந்நிலத்திற்கு அருகே மாநில எல்லைக்கோடு விழுந்தது. லிட்டன் கதையில் இதற்கு வித்து இல்லை. இது திருவிதாங்கூர்த் தமிழர் நெஞ்சில் இருந்த வித்து. ஆங்கிலம் தந்தது சட்டகம். அதனுள் நிரம்பியது நம் மண்.

அதே 1891-இல்தான் சி. வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள வரலாற்றுப் புதினமும் வெளிவந்தது. அவரும் மகாராஜா கல்லூரியில் ஜான் ராஸிடம் பயின்றவரே. வால்டர் ஸ்காட்டின் புதினங்களில் தோய்ந்தவர். செங்கலுக்கு அருகிலுள்ள அரையூர் அவர் குடும்பத்தோடு தொடர்புடையது என்பர். ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு, தமிழுக்கொரு நாடகம், மலையாளத்திற்கொரு புதினம். இரண்டுமே ஆங்கில வகுப்பறையின் பிள்ளைகள். நம் பக்கத்து மலையாள நண்பர்களோடு பேசுங்கால் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இன்று ஆங்கில எம்.ஏ. வகுப்பில் பண்பாடும் செய்தித்துறையும் பாடங்களாகிவிட்டன. இதனைக் கேட்டு, "இலக்கியம் படிக்கப்போன இடத்தில் பத்திரிகையும் சினிமாவும் எதற்கு?" என்று வினவும் பெரியோர் உளர். அவர்க்கு நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரை நினைவூட்டுவோம். 1878-இல் அங்குப் பிறந்த கே. இராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' என்னும் இதழின் ஆசிரியராயிருந்து திவானின் ஆட்சியைக் கடிந்தெழுதினார். 1910 செப்டம்பர் 26-இல் அச்சகம் பறிமுதலாயிற்று. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டு விடப்பட்டார். பின் அவர் பிறந்த நாட்டில் வாழ இயலவில்லை. 1916-இல் கண்ணூரில் உயிர் நீத்தார். நாடு கடத்தப்பட்ட இரண்டாண்டில், 1912-இல், அவர் 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' என்ற நூலை வெளியிட்டார். செய்தித்தாள் தொழிலைக் கற்கும் பாடமாக வகுத்துரைத்த முதல் மலையாள நூல் அது. அதே ஆண்டில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றையும் எழுதினார். இவ்விரண்டிற்கும் அவருடைய ஆங்கில நூற்படிப்பே துணை. பத்திரிகையைப் படிப்பது வேறு, பத்திரிகை எவ்வாறு இயங்குகிறது எனப் படிப்பது வேறு என்பதை, செங்கலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள நகரத்துக்காரர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் தோன்றியது. சர் சி. பி. இராமசாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். நாகர்கோவில் மாணவனும் நெய்யாற்றின்கரை மாணவனும் ஒரே தேர்வை எழுதினர். எம்.ஏ. என்றால் திருவனந்தபுரம். சாஸர், ஷேக்ஸ்பியர், மில்டன், ஆங்கில மொழியின் வரலாறு என்று பழைய முறையிலேயே பாடத்திட்டம் அமைந்தது. செய்யுட் பகுதியைக் கொடுத்து, இடஞ்சுட்டிப் பொருள் விளக்கச் சொல்வர். தமிழ்ப் புலவர் தேர்வில் கேட்கும் வினாவும் அதுவேயன்றோ! உரையோடு பாட்டைப் படித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு அம்முறை அயலாகத் தோன்றியிராது என்பது நம் துணிபு.

பின் வந்தது எல்லைப் போராட்டம். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணியின் தலைமையில், தமிழ் வழங்கும் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிற்று. கோரியவற்றுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. நெய்யாற்றின்கரை வரவில்லை. செங்கலும் பாறசாலையும் அப்பால் நின்றன. உறவு இப்பால், வீடு அப்பால் எனக் குடும்பங்கள் பிரிந்தன.

கல்வியிலும் அக்கோடு ஓடிற்று. திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் 1957-இல் கேரளப் பல்கலைக் கழகமாயிற்று. குமரி மாவட்டத்துக் கல்லூரிகளோ சென்னைக்கும், 1966-க்குப் பின் மதுரைக்கும், 1990-க்குப் பின் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக் கழகத்திற்கும் மாறி மாறி இணைந்தன. கடைசியிற் சொன்ன அப்பல்கலைக் கழகத்தின் பெயர் என்ன? மனோன்மணியம் சுந்தரனார்! திருவனந்தபுரத்தில் எம்.ஏ. படித்துத் திருவனந்தபுரத்திலேயே கற்பித்தவர் பெயர் எல்லைக்கு இப்பால் நிற்க, அவர் பயின்ற கல்லூரி அப்பால் நிற்கிறது. கேரள எல்லைக்குள் தனுவச்சபுரத்தில் 1964-இல் தோன்றிய கல்லூரிக்கு வேலுத்தம்பி தளவாயின் பெயர். அவர் பிறந்த தலக்குளமோ தமிழ்நாட்டில். எல்லைக்கோடு பெயர்களைக் கேட்டு விழுவதில்லை போலும்.

நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நேர்ந்த இடர் வேறு வகையது. பிள்ளை பள்ளியில் மலையாளம் படிக்கும். அது நாட்டு மொழி, படிக்கத்தான் வேண்டும். வீட்டில் தமிழ் பேசும். ஆனால் எழுத்து அறியாது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் 350-அ பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டத்தில் இருப்பது ஒவ்வோர் ஊர்ப் பள்ளிக்கும் வந்து சேர்ந்துவிடுவதில்லை. இந்நிலையில், தாய்மொழியிற் படிக்க வழியில்லாத பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு பொது நிலமாயிற்று. மலையாளப் பிள்ளைக்கும் அது அயல்மொழி, தமிழ்ப் பிள்ளைக்கும் அயல்மொழி. தேர்வுக் கூடத்தில் இருவரும் சமம். ஆங்கில எம்.ஏ. மீது எல்லையூரார்க்கு உள்ள பற்றிற்கு வேலை நோக்கம் ஒருபுறமிருக்க, இச்சமநிலையும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். இதனை நம் குடியிருப்புப் பெற்றோர் நன்குணர்வர். நம் பிள்ளைகளும் வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் பேசி வளர்பவர்களே.

மேலே கூறிய 1964-ஆம் ஆண்டிலேயே மார்த்தாண்டத்தில், இன்று நேசமணியின் பெயர் தாங்கும் கிறித்தவக் கல்லூரியும் தோன்றியது. கடல் கடந்து இங்கிலாந்தில், பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில், ரிச்சர்டு ஹாகர்ட் என்பார் சமகாலப் பண்பாட்டாய்வு மையத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டே. ஜமைக்காவிற் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் பின்னர் அதன் தலைவரானார். தொழிலாளர் படிக்கும் மலிவுப் பத்திரிகை, இளைஞர் கேட்கும் பாட்டு, தொலைக்காட்சி ஆகியவற்றையும் கவிதையை ஆராயும் கூர்மையோடு ஆராய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. யாருடைய கதை சொல்லப்படுகிறது, யாருடையது விடப்படுகிறது, இதனால் யார்க்கு ஆதாயம் என அவர்கள் வினவினர். அம்மையம் 2002-இல் மூடப்பட்டது. வினாக்கள் உலகெங்கும் ஆங்கிலத் துறைகளில் புகுந்துவிட்டன. கேரளத்துப் பாடத்திட்டங்களிலும் பண்பாட்டாய்வும் திரைப்பட ஆய்வும் இடம்பெற்றன.

அவ்வினாக்களைக் கொண்டு நம் சாலையையே பார்த்தால் என்ன தெரிகிறது? அகத்தீசுவரத்தில் வாழ்ந்த ஜே. சி. டேனியல், தம் நிலத்தை விற்று 'விகதகுமாரன்' என்னும் பேசாப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதற் படம் அது. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த ரோசி, தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் காட்டப்பட்டபோது மேற்குலத்தார் கொதித்தெழுந்தனர். ரோசி ஊரை விட்டு ஓடி, தமிழ் வழங்கும் பக்கத்தில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். படச் சுருள் இன்று இல்லை. டேனியல் கடனில் மூழ்கிப் பல் மருத்துவத்தால் பிழைத்து, 1975-இல் மறைந்தார். தமிழ்நாட்டில் வாழ்பவர் என்ற காரணத்தால் கேரளம் அவரை நெடுநாள் தன்னவராக ஏற்கவில்லை. தமிழ்நாட்டிற்கோ மலையாளப் படத்தில் அக்கறையில்லை. கேரள அரசு அவர் பெயரால் விருது நிறுவியது 1992-இல். மொழி, சாதி, எல்லை, திரை நான்கும் பின்னிய இக்கதையைப் பர்மிங்காம் அறிஞர் அறிந்திருந்தால் விட்டிருப்பரோ? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' நூலும் அத்தகையதே. சொத்துரிமை முறை ஒன்று ஒரு குடும்பத்தைப் பாழாக்குவதை நகைச்சுவையோடு பாடிய நூல் அது. எட்வின் ஆர்னால்டின் காவியத்தை 'ஆசிய ஜோதி' எனத் தமிழாக்கிய அவரும், திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் பணியாற்றியவர் என்பது அறியத்தக்கது.

ஆங்கில எம்.ஏ.யும் தமிழும் ஒருவரிடத்தே கூடியதற்கு இன்னும் நெருங்கிய சான்று வேண்டுமெனின், நகுலனைச் சொல்லலாம். இயற்பெயர் டி. கே. துரைசாமி, 1921-இல் கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே திருவனந்தபுரம் சேர்ந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு எம்.ஏ. பெற்றவர். 1949-இல் தொடங்கப்பெற்ற மார் இவானியோஸ் கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கில ஆசிரியர். பகலில் ஆங்கிலப் பாடம். வீடு திரும்பினால் தமிழ் எழுத்து. 'நிழல்கள்', 'நினைவுப் பாதை', 'நாய்கள்' முதலிய புதினங்களும் கவிதைகளும் அவ்வாறு பிறந்தன. 1968-இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பைத் தாமே வெளியிட்டார். மனத்தின் ஓட்டத்தையே கதையாக்கும் மேலைப் புதின முறை அவர் கையில் தமிழாயிற்று. எளிதிற் படிக்கக்கூடியவர் அல்லர். நாமும் சில பக்கங்களை இருமுறை படித்தே பொருள் கண்டோம். 2007-இல் மறையும் வரை அவர் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்தார். அதே நகரில் கேரளப் பல்கலைக் கழகத்தின் ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய அய்யப்ப பணிக்கர், எலியட்டின் கவிதையை மலையாளத்தில் பெயர்த்து, அம்மொழியின் புதுக்கவிதைக்கு வழிகாட்டினார். சுந்தரம் பிள்ளைக்கும் சி.வி.க்கும் இடையே இருந்த இணை மீண்டும் ஒருமுறை அமைந்தது.

ஆனால் ஒன்றை விட்டுவிடலாகாது. சுந்தரம் பிள்ளையும் நகுலனும் ஆங்கிலம் கற்பதற்கு முன்னும் கற்கும்போதும் தமிழ் நூல் படித்தவர்கள். லிட்டனைப் படித்தவுடன் பாண்டியனை நினைக்கவேண்டுமாயின், பாண்டியனை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். பாட்டனார் அச்சத்தில் உள்ள உண்மை இவ்வளவே: தமிழைக் கெடுப்பது எம்.ஏ. வகுப்பு அன்று, தமிழெழுத்தே அறியாமல் ஒருவன் அவ்வகுப்பை அடைவதுதான். இருபது வயதில் நேரும் இழப்பாக அது தோன்றும். நேர்ந்தது ஆறு வயதில். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் தயங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

எம்.ஏ. இறுதிப் பருவத்தில் மாணவர் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்று சென்ற ஆண்டு நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். லிட்டன் கதையையும் மனோன்மணீயத்தையும் அருகருகே வைத்து, நாஞ்சில் நாட்டு வழக்கு எங்கே புகுந்தது என்று பார்க்கச் சொன்னோம். தமிழ் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தால் போதுமா என்றாள். போதாது என்றோம். இப்போது வாரந்தோறும் எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறாள். முதல் அங்கம் முடியும் தறுவாயில் இருக்கிறது. விடுமுறையில் ஊர் செல்லும்போது, 1979-இல் திறந்த இருப்புப்பாதையில் திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை வரை வண்டியில் போய், நாடகத்தில் இரு வேந்தரும் வழக்காடிய நிலம் எங்கே தொடங்குகிறதென்று பார்த்துவர எண்ணியிருக்கிறாள்.